கவுன்சில் கூட்டத்தில் பேச வேண்டுமா? ஒரு வாரம் முன்னாலேயே வேலையைத் தொடங்குங்கள்

முதல் தடவை லண்டனில் எங்கள் பரோ (உள்ளாட்சி வட்டாரம்) கவுன்சில் கூட்டத்துக்குப் போனபோது நான் கையைத் தூக்கிவிட்டேன். பிப்ரவரி மாதக் குளிர். பார்வையாளர் மாடத்தில் என்னையும் சேர்த்து நான்கு பேர். கீழே மேயர், கழுத்தில் பொன்னிறச் சங்கிலியோடு. எங்கள் பகுதி நூலகத்துக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைப்பது பற்றி ஒரு கவுன்சிலர் பேசி முடித்ததும், "எனக்கு ஒரு கேள்வி" என்று எழுந்தேன். மேயர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஓர் ஊழியர்தான் படியேறி வந்து, "பட்ஜெட் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கிடையாது. மற்றக் கூட்டம் என்றாலும் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். தயவுசெய்து உட்காருங்கள்" என்று மெதுவாகச் சொன்னார். உட்கார்ந்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டன.

மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளும்போது எதிர்வீட்டு அண்ணனிடம் புலம்பினேன். யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக இதே பரோ. தெருவிளக்கிலிருந்து குப்பை வண்டி வரை எல்லாவற்றுக்கும் கவுன்சிலுக்கு எழுதிப் பழக்கப்பட்டவர். சிரித்தார். "தங்கச்சி, கூட்டத்துக்குப் போறதெல்லாம் பிறகு. முதல்ல பேப்பரை வாசியுங்கோ. இரவு ஏழு மணிக்கு அங்க நடக்கிறது கடைசிக் காட்சி."

அவர் சொல்லித் தந்ததையும், நானே தட்டுத் தடுமாறிக் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன். லண்டன் பரோக்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன் என்றாலும், இங்கிலாந்தின் மற்றப் பரோக்களிலும் சட்டம் பெரும்பாலும் இதேதான்.

எந்தக் கூட்டம் என்று முதலில் பாருங்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். 'கவுன்சில் கூட்டம்' என்று ஒன்றே ஒன்று இருப்பதாக நினைத்திருந்தேன். முழு கவுன்சில் என்பது எல்லாக் கவுன்சிலர்களும் கூடுவது. மேயரோ, தலைமைக்கு இருப்பவரோ நடத்துவார். செங்கோல் மாதிரி ஒன்றை மேசைமேல் வைப்பார்கள், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பட்ஜெட், பெரிய கொள்கைகள், கட்சிகள் கொண்டுவரும் தீர்மானங்கள், இவைதான் அங்கே முக்கியம். அன்றாட நிர்வாகத்தில் பெரிய முடிவுகளை எடுப்பது, 2000-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலான பரோக்களில் கேபினெட். ஆளும் கட்சியைச் சேர்ந்த, பத்துப் பேருக்கு மேல் போகாத ஒரு குழு. கேபினெட் வைக்காமல் பழைய கமிட்டி முறையிலேயே நடத்தும் பரோக்களும் இருக்கின்றன. உங்கள் பரோ எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேயர் விஷயத்திலும் குழப்பம் வரும். பல பரோக்களில் மேயர் என்பது ஒரு வருடத்துக்கு மட்டுமான கௌரவப் பதவி. கூட்டத்தை நடத்துவார், விழாக்களுக்கு வருவார், அவ்வளவுதான். அதிகாரம் 'லீடர்' என்று அழைக்கப்படுபவரிடம் இருக்கும். லண்டனில் நியூஹாம், ஹாக்னி, லூயிஷம், டவர் ஹாம்லெட்ஸ், குரொய்டன் ஆகிய இடங்களில் மட்டும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மேயர். அங்கே சங்கிலியைவிடக் கையெழுத்துக்குக் கனம் அதிகம்.

எங்கள் நூலக விஷயத்தில் பிப்ரவரி பட்ஜெட்டில் தொகையை மட்டும்தான் குறைத்திருந்தார்கள். எந்த நூலகம், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் பிறகு கேபினெட்டுக்கு வரும் என்று அண்ணன் சொன்னார். அதாவது எனக்கு இன்னொரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. முக்கிய முடிவு ஒன்றைக் கேபினெட் எடுக்கப் போகிறதென்றால், அவசர நிலை தவிர, 28 நாள் முன்னதாகவே அறிவித்தாகவேண்டும். 'ஃபார்வர்ட் பிளான்' என்ற பெயரில் கவுன்சில் இணையதளத்தில் ஒரு பட்டியல் இருக்கும். மாதம் ஒரு தடவை அதைத் திறந்து பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகாது. நான் இப்போது வாடகை கட்டும் நாளன்று பார்த்துவிடுகிறேன், அப்போதுதான் மறக்காது.

பேப்பர் எப்போது வரும், எங்கிருந்து படிப்பது

1972 உள்ளாட்சிச் சட்டப்படி, கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் ஐந்து 'முழு நாள்' முன்னதாகப் பொதுமக்கள் பார்வைக்கு வரவேண்டும். இந்த முழு நாள் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளியிடும் நாளும் சேராது, கூட்ட நாளும் சேராது, சனி, ஞாயிறு, வங்கி விடுமுறையும் சேராது. செவ்வாய்க்கிழமை கூட்டம் என்றால் அதற்கு முந்தைய வாரத் திங்கட்கிழமைக்குள் பேப்பர் வந்திருக்கவேண்டும். அந்தத் திங்கட்கிழமை மாலைதான் உங்கள் கூட்டம் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டு பெரிதாக இருக்கும். இருநூறு பக்கம் சாதாரணம். முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூங்கிவிடுவீர்கள். உங்கள் விஷயத்துக்கான அறிக்கையைத் திறந்து நேராகப் 'பரிந்துரைகள்' பகுதிக்குப் போங்கள். கூட்டத்தில் கை தூக்கி ஏற்பது அந்தச் சில வரிகளைத்தான். மற்ற இருபது பக்கமும் அதற்கான நியாயம். எங்கள் அறிக்கையில் பரிந்துரை இரண்டே வரி: பின்னிணைப்பில் உள்ள புதிய நேர அட்டவணையை ஏற்பது, சிறு மாற்றங்கள் செய்யும் அதிகாரத்தை ஓர் இயக்குநரிடம் ஒப்படைப்பது. நூலகத்தின் பெயர்கூட அதில் இல்லை.

ஆகவே அடுத்தது பின்னிணைப்பு. விஷயம் ஒளிந்திருப்பது அங்கேதான். மூன்றாவது பின்னிணைப்பில், சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை. எங்கள் நூலகத்துக்கு எதிரே சனிக்கிழமைக் கட்டத்தில் ஒரு சிறு கோடு. மூடல் என்ற வார்த்தை எங்கேயும் கிடையாது, வெறும் கோடு. தமிழ்ப் புத்தக அலமாரி இருக்கிற நூலகம். வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரமுடிகிற ஒரே நாள் சனிக்கிழமை. அந்தக் கோட்டைப் பார்த்ததும் கோபத்தில் தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

அப்புறம் மூன்று பகுதிகளைக் கட்டாயம் பாருங்கள்: நிதி விளைவு, சட்ட விளைவு, சமத்துவ மதிப்பீடு. கடைசியாகச் சொன்னதுதான் நம்மைப் போன்றவர்களுக்குப் பிடி. 2010 சமத்துவச் சட்டத்தின் 149-ஆவது பிரிவுப்படி, ஒரு முடிவு வயது, இனம், உடற்குறைபாடு போன்ற வகைகளில் யாரை எப்படிப் பாதிக்கும் என்பதைக் கவுன்சில் உரிய கவனத்தோடு பார்த்தாகவேண்டும். எங்கள் அறிக்கையில் 'இனம்' என்ற கட்டத்தில் 'பாதிப்பு எதுவும் கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருந்தது. தேடியிருந்தால்தானே கண்டறிவதற்கு. நூலகத்துக்கென்று இன்னொரு சட்டமும் உண்டு: 1964 பொது நூலகச் சட்டம், முழுமையான, திறமையான நூலகச் சேவை தருவது கவுன்சிலின் கடமை என்கிறது. சட்ட விளைவுப் பகுதியில் அதைச் சொல்லியிருந்தார்கள். எனக்கு முன்பு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது.

கேள்வி எழுதுவது

பேசுவதற்குச் சில வழிகள் உண்டு. எழுத்துக் கேள்வி கொடுக்கலாம், கையெழுத்து வாங்கி மனு கொடுக்கலாம், 'டெபுடேஷன்' என்று சிலர் சேர்ந்து போய்ச் சில நிமிடம் பேசலாம். எத்தனை நாள் முன்னால், எத்தனை கையெழுத்து, எத்தனை நிமிடம், கேபினெட்டில் இதெல்லாம் உண்டா என்பது பரோவுக்குப் பரோ மாறும். எல்லாம் அந்தக் கவுன்சிலின் 'கான்ஸ்டிட்யூஷன்' என்ற ஆவணத்தில் இருக்கிறது. அதைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட 'டெமாக்ரட்டிக் சர்வீசஸ்' பிரிவுக்கு ஃபோன் செய்யுங்கள். கூட்ட ஏற்பாடுகளைச் செய்பவர்கள் அவர்கள்தான். எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை, பொதுவாக உதவக்கூடியவர்கள். அன்று என்னை உட்காரச் சொன்னவரும் அந்தப் பிரிவுதான். மூன்று முறை ஃபோன் செய்தேன், மூன்று முறையும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

என் முதல் கேள்வி இப்படி இருந்தது: "பிள்ளைகளின் படிப்பைவிடப் பணம்தான் உங்களுக்குப் பெரிதா? ஏன் எங்கள் நூலகத்தை மூடுகிறீர்கள்?" அண்ணன் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவை என்ன மறுமொழி சொல்லுவினம் எண்டு உங்களுக்கே தெரியும். அரசு காசு குறைச்சிட்டுது, நாங்கள் என்ன செய்யிறது எண்டுவினம். பிறகு நன்றி சொல்லி இருத்திப் போடுவினம்" என்றார். உண்மைதான். கோபமான கேள்விக்குப் பொதுவான பதில் எப்போதும் தயாராக இருக்கும்.

இரண்டாவது முயற்சியில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அதற்குள் ஐந்து கேள்வி. அதையும் அடித்துவிட்டார். கடைசியில் போனது இதுதான்: "மூன்றாவது பின்னிணைப்பில் சனிக்கிழமை மூடப்படும் நூலகத்தில், சனிக்கிழமை வருகை எண்ணிக்கை எடுக்கப்பட்டதா? எடுக்கப்பட்டிருந்தால் அது ஏன் அறிக்கையில் இல்லை?"

ஆம் என்றாலும் மாட்டிக்கொள்வார்கள், இல்லை என்றாலும் மாட்டிக்கொள்வார்கள். இந்த வகைக் கேள்விதான் வேண்டும். எண்ணையோ தேதியையோ கேளுங்கள், பக்க எண்ணைச் சொல்லுங்கள். பதில் பெரும்பாலும் முன்பே எழுதித் தயாராக இருக்கும். அதிகாரி எழுதியதைக் கவுன்சிலர் வாசிப்பார். அதற்குப் பிறகு வரும் துணைக் கேள்விதான் அவர்கள் எழுதி வைக்காதது. பல கவுன்சில்களில் அப்படி ஒன்று கேட்க இடம் தருகிறார்கள். அதை மனதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. கூட்டத்துக்கு முன்பே உங்கள் வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். லண்டனில் ஒரு வார்டுக்கு அதிகபட்சம் மூன்று பேர் இருப்பார்கள். 'சர்ஜரி' என்று மக்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குவார்கள். ஊசி மருந்து எதுவும் இல்லை, பயப்படவேண்டாம். ஆளும் கட்சிக் கவுன்சிலர் வெளியில் எதிர்த்துப் பேசமாட்டார். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் கட்சிக்குள் பேசுவார். கட்சிக் குழுக் கூட்டத்தில் முடிவானது மேடையில் மாறுவது அபூர்வம். எனவே மூன்று பேருக்கும் தனித்தனியாக, நான்கு வரியில், முகவரியோடு எழுதுங்கள். வெட்டி ஒட்டிய கடிதத்தை அவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அன்றிரவு

அரை மணி நேரம் முன்னால் போங்கள். வாசலில் பை சோதனை இருக்கலாம். உள்ளே வந்தபின் கைதட்டுவது, கூச்சலிடுவது கூடாது. மீறினால் வெளியே அனுப்ப அதிகாரம் உண்டு. வீடியோ எடுக்கலாம். 2014 ஆகஸ்டிலிருந்து பொதுமக்கள் படம் எடுக்க, ஒலிப்பதிவு செய்ய, கூட்டம் நடக்கும்போதே இணையத்தில் எழுதச் சட்டப்படி உரிமை இருக்கிறது. இந்தத் திறந்த கதவுக்கு ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. கவுன்சில் கூட்டங்களில் பத்திரிகையாளரையும் பொதுமக்களையும் அனுமதிக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் மார்கரெட் தாட்சர். நாடாளுமன்றத்தில் அவருடைய கன்னிப் பேச்சே அந்த மசோதாவைப் பற்றியதுதான். அவரைப் பிடிக்காத எதிர்வீட்டு அண்ணன் இதை மட்டும் கொஞ்சம் வருத்தத்தோடு ஒப்புக்கொள்வார்.

தொடக்கம் சலிப்பாக இருக்கும். வர முடியாதவர்கள் தெரிவித்த வருத்தத்தை முதலில் வாசிப்பார்கள். இது வெறும் மரியாதை இல்லை. அனுமதி பெறாமல் ஆறு மாதம் எந்தக் கூட்டத்துக்கும் வராத கவுன்சிலர் பதவியை இழப்பார். அடுத்து 'இன்ட்ரஸ்ட்' அறிவிப்பு. விவாதிக்கும் விஷயத்தில் தனக்கோ தன் துணைக்கோ பண லாபம் சம்பந்தப்பட்டிருந்தால் கவுன்சிலர் அதைச் சொல்லவேண்டும். விவாதத்திலும் வாக்கிலும் சேரக்கூடாது. அப்புறம் போன கூட்டத்தின் குறிப்புகள். அதில் சரியா தவறா என்பதை மட்டும்தான் பேசலாம், பழைய சண்டையைத் திரும்ப ஆரம்பிக்க முடியாது.

காதில் விழும் சில சொற்களைத் தெரிந்துகொண்டால் தலை சுற்றாது. ஒருவர் தீர்மானத்தை 'மூவ்' செய்வார், அதாவது முன்மொழிவார், இன்னொருவர் 'செகண்ட்' செய்து, அதாவது வழிமொழிந்து, "என் பேச்சுரிமையை வைத்துக்கொள்கிறேன்" என்பார். அதற்கு அர்த்தம், எதிர்க்கட்சி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைசியில் பேசப் போகிறார் என்பதுதான். திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பிறகுதான் மூலத் தீர்மானத்துக்கு. நான் ஒரு தடவை திருத்தம் தோற்றதைப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். 'நோட்டட்' என்றால் படித்தோம் என்று பொருள், ஒப்புக்கொண்டோம் என்று பொருள் இல்லை.

சில நேரம் 'பொதுமக்களும் பத்திரிகையாளரும் வெளியேறலாம்' என்ற தீர்மானம் வரும். ஒப்பந்தத் தொகை, தனிநபர் விவரம் போன்ற ரகசியப் பகுதிக்கு அது. பல கவுன்சில்களில் அந்தத் தாளை இளஞ்சிவப்பு நிறத்தில் அச்சடிப்பார்கள். யார் மேசையில் இளஞ்சிவப்பு தெரிகிறது என்று பார்த்தாலே எப்போது எழுந்து போகவேண்டியிருக்கும் என்று புரிந்துவிடும்.

வாக்கு பெரும்பாலும் கை தூக்கித்தான். சமமாக வந்தால் தலைமை வகிப்பவருக்கு இன்னொரு வாக்கு. பட்ஜெட் கூட்டத்தில் மட்டும், 2014-லிருந்து, யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர் பெயராகப் பதிவு செய்தாகவேண்டும். இரண்டு மாதமோ அதற்கு மேலோ கவுன்சில் வரி பாக்கி வைத்திருக்கும் கவுன்சிலர் அதைச் சொல்லிவிட்டு அந்த வாக்கிலிருந்து ஒதுங்கி இருக்கவேண்டும், இல்லையென்றால் குற்றம். வரி நிர்ணயத்தை மார்ச் 11-க்கு முன் முடித்தாகவேண்டும் என்பதால்தான் பிப்ரவரியில் அவ்வளவு பரபரப்பு.

பக்கத்து வீட்டுக் கட்டடம், பின்னிரவுக் கடை என்றால்

இவை வேறு கமிட்டிகள், வேறு விதிகள். திட்ட அனுமதிக் கமிட்டியில், எங்கள் வீட்டு விலை குறைந்துவிடும் என்றோ காட்சி மறைகிறது என்றோ சொன்னால் எடுபடாது. வெளிச்சம் குறைவது, எங்கள் சன்னலுக்குள் பார்வை விழுவது, போக்குவரத்து, சத்தம், இவற்றைப் பேசுங்கள். மது விற்பனைக்கோ பின்னிரவில் சூடான சாப்பாடு விற்கவோ உரிமம் கேட்டால் 28 நாளுக்குள் எழுதிவிடவேண்டும். குற்றம், பொதுப் பாதுகாப்பு, தொல்லை, குழந்தைகளுக்குத் தீங்கு என்ற நான்கில் ஒன்றோடு இணைத்து எழுதாவிட்டால் ஒதுக்கிவிடுவார்கள். கடைசி நேரத்தில் பெரிய கூட்டம் சேர்த்துக்கொண்டு போவதால் இந்த இரண்டிலும் பெரிய பயன் இல்லை.

முடிந்த பிறகு

என் கேபினெட் கூட்டம் செப்டம்பரில் நடந்தது. என் கேள்வி வந்தபோது மணி எட்டேகால். நூலகத்துக்குப் பொறுப்பான கவுன்சிலர் பதிலை வாசித்தார்: வருகை எண்ணிக்கை வாரக் கணக்காக எடுக்கப்பட்டது, கிழமை வாரியாக இல்லை. நான் மைக்கில் துணைக் கேள்வி கேட்டேன். "அப்படியென்றால் சனிக்கிழமையை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள்?" பக்கத்தில் இருந்த அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி தாளைப் புரட்டினார். "எழுத்து மூலம் பதில் தருகிறோம்" என்றார்கள்.

அன்று எதுவும் மாறவில்லை. பரிந்துரை அப்படியே ஏற்கப்பட்டது. கவலைப்படாமல் அடுத்ததைச் செய்யவேண்டும், அது இதுதான்: கேபினெட் முடிவு வெளியான பிறகு, வழக்கமாக ஐந்து வேலை நாள், அதை 'கால்-இன்' செய்ய, அதாவது கேபினெட்டைக் கண்காணிக்கும் கவுன்சிலர்களின் ஆய்வுக் குழு மறுபடி பார்க்கும்படி கேட்க, கவுன்சிலர்களுக்கு வாய்ப்பு உண்டு. எத்தனை பேர் கையெழுத்திட வேண்டும் என்பது ஒவ்வொரு கவுன்சிலிலும் வேறு. மறுநாள் காலையிலேயே எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவருக்கும், எங்கள் வார்டு கவுன்சிலர் மூவருக்கும் அந்தக் கேள்வி பதிலை அப்படியே அனுப்பினேன். கால்-இன் நடந்தது. ஆய்வுக் குழு, எண்ணிக்கை எடுத்துவிட்டு வாருங்கள் என்று கேபினெட்டுக்குத் திருப்பி அனுப்பியது. நான்கு சனிக்கிழமை வாசலில் ஒருவர் கையில் எண்ணும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். அந்த நான்கு சனிக்கிழமையும் தெருவே நூலகத்துக்குப் போனது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

வாக்கு பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ, காமன்வெல்த் நாட்டவருக்கு இங்கே இருக்க அனுமதி இருந்தால், பதிவு செய்துகொண்டு உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டியதில்லை. ஏழு வருடம் இது தெரியாமலே இருந்தேன். கவுன்சிலருக்கு எழுதும்போது பதிவான வாக்காளர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பதில் சீக்கிரம் வருகிறது.

கூட்டக் குறிப்பில் என் கேள்வி ஒன்றரை வரியாகச் சுருங்கியிருந்தது, என் பெயரிலும் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. டெமாக்ரட்டிக் சர்வீசஸ்காரருக்கு எழுதினேன். திருத்திவிட்டு, "அடுத்த கேள்வி எப்போது?" என்று பதில் போட்டிருந்தார். நூலகம் இப்போது சனிக்கிழமை காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை திறந்திருக்கிறது. முன்பு ஐந்து வரை. அந்த மூன்று மணி நேரத்துக்காக இந்த மாத ஃபார்வர்ட் பிளானைத் திறந்து வைத்திருக்கிறேன்.